சாம்பிராணியும் சோதனைச்சாலையும்



நமது சங்கத்தின் செயலாளர் அவர்கள் ஒருநாள் என் கடைக்கு வந்து, "பத்திரிகைக்குப் பயனுள்ள விஷயமாக ஒன்று எழுதித் தாருங்கள்" என்று கேட்டார். மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்த நான் எதை எழுதுவது? எனக்குத் தெரிந்தது சரக்கு ஒன்றுதான். ஆகவே சரக்கைப் பற்றியே எழுதுகிறேன். அதிலும், இருபது வருஷமாக நிறுத்து விற்றும், அதனுள் இருப்பது இன்னதென்று தெரியாமலே விற்றுவந்த ஒரு சரக்கைப் பற்றி எழுதுகிறேன். அது சாம்பிராணி.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிடோக்கில் என் கடை இருக்கும் புளோக்கிலேயே மேல்மாடியில் ஓர் இளந்தம்பதி குடியிருக்கிறார்கள். அந்தச் சகோதரிக்குத் தலைப் பிரசவம், நாற்பது கழியவில்லை. ஒருநாள் கீழே வந்து, "நானா, பிள்ளைக்குத் தலைக்கு ஊத்துனா புகை காட்டணும்னு உம்மா ஊருலேர்ந்து சொல்றாங்க. நல்ல சாம்பிராணியாப் பாத்துக் கொடுங்க" என்றார். கொடுத்தேன். கொடுத்ததோடு நின்றேனா? "சளிக்கு நல்ல மருந்தும்மா, தாராளமாப் போடுங்க" என்று காசு வாங்காமல் ஒரு வைத்தியமும் சொல்லி அனுப்பினேன். வாப்பா காலத்தில் அவர்கள் கல்லாவிலிருந்து சொன்ன சொல் அது. அவர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணின் கணவர் வந்தார். பிள்ளைக்கு இரவில் மூச்சு இரைத்து, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் என்ன புகை போடுகிறீர்கள்?" என்பதாம். அவர் என்னிடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். மிச்சமிருந்த பொட்டலத்தை மேசைமேல் வைத்து, "இதுல என்ன இருக்கு நானா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "சாம்பிராணி" என்றேன். அது பதிலா?

பிள்ளை நலமாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். புகை ஒன்றுதான் காரணமென்று யாரும் தீர்ப்புக் கூறவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. என் லாத்தா மகன் பாலிடெக்னிக்கில் இரசாயனம் படிக்கிறான். "மாமா, இதுக்கெல்லாம் எப்பவோ பதில் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க" என்று அவன்தான் புத்தகங்களைத் தேடிக் கொடுத்து, எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னான். நான் விளங்கிக்கொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

எந்தச் சாம்பிராணி?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நம் மக்கள் புகையப் போடும் பிசின் எல்லாவற்றையும் சாம்பிராணி என்றே சொல்லிவிடுகிறார்கள். குந்திரிக்கம் என்பது அரபு நாட்டிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் இந்தியாவிலும் விளையும் பாஸ்வெல்லியா என்னும் மரத்தின் பிசின். அரபியில் லுபான் என்றால் அதுதான். குங்கிலியம் வேறு சாதி. இங்கே மலாய்க்காரர்கள் டாமார் என்று சொல்லும் பிசின் அதற்குச் சொந்தக்காரன். அந்நாளில் படகுப் பலகையின் சந்தை அடைப்பதற்கும் பந்தம் கொளுத்துவதற்கும் டாமாரைப் பயன்படுத்தினார்கள். மட்டிப்பால் இன்னொரு மரத்தின் பால். கப் சாம்பிராணி, கம்ப்யூட்டர் சாம்பிராணி என்றெல்லாம் இப்போது அட்டைப் பெட்டியில் வருகிறதே, அது கரித்தூள், மரத்தூள், வாசனைச் சரக்கு முதலியவற்றைச் சேர்த்து அச்சில் அழுத்தியது. அதில் சாம்பிராணி எத்தனை பங்கு என்பது செய்தவனுக்கே வெளிச்சம்.

அசல் சாம்பிராணி, மலாய்க்காரர்கள் கெமன்யான் என்பது, ஸ்டைராக்ஸ் என்னும் சாதி மரத்தின் பிசின். அது நமக்குப் பக்கத்து வீட்டுச் சரக்கு. சுமத்ராவின் வடபகுதியில், தப்பானுலி மலைநாட்டில், பத்தாக் மக்கள் இம்மரத்தை வளர்த்துப் பிசின் எடுக்கிறார்கள். இன்னொரு வகை லாவோஸ் நாட்டு மலைகளில் விளைவது; சயாம் வழியாக விலைக்கு வந்ததால் சயாம் சாம்பிராணி என்ற பெயர் நிலைத்துவிட்டது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

சுமத்ராவிலிருந்து புறப்பட்ட ஒரு பெயர்

சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்றொரு பழைய துறைமுகம் உண்டு. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் உலகமெல்லாம் பேர்பெற்ற ஊர். அதன் அருகே லோபு துவா என்னுமிடத்தில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருக்கிறது. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் கூட்டத்தார் நாட்டியது அது. ஆக, இந்தச் சரக்கு விளையும் கரையில் நம் தமிழ்க் கடைக்காரர்கள் தராசு பிடித்து ஒன்பது நூற்றாண்டுக்கு மேலாகிறது. சிங்கப்பூர் துறைமுகமானபின் சுமத்ராச் சாம்பிராணி இங்கே வந்து இறங்கி, தரம் பிரிக்கப்பட்டு, வெளிநாடுகளுக்கு மறுபடி கப்பலேறியது. 'நமக்கு இது புதுச் சரக்கு' என்று நாம் சாக்குச் சொல்ல வழியில்லை.

1345-ஆம் ஆண்டையொட்டிச் சுமத்ராவுக்கு வந்த பயணி இப்னு பதூதா, இதை லுபான் ஜாவி என்று குறிப்பிடுகிறார். லபன் என்றால் பால். அந்த வேரிலிருந்து வந்தது லுபான். அக்கால அரபிகள் சுமத்ராவையும் ஜாவா என்றே அழைத்தார்கள். ஆகவே, 'ஜாவா நாட்டுக் குந்திரிக்கம்' என்பது பொருள். மலாய்க்காரர்கள் அரபி எழுத்தில் எழுதும் முறையை ஜாவி என்கிறோமே, அதே ஜாவிதான். அந்த மரம் ஆள் உயரமே இருக்கும் என்று இப்னு பதூதா எழுதியிருக்கிறார். ஆனால் வளர்ந்த ஸ்டைராக்ஸ் மரம் நம் புளோக்கின் நாலைந்து மாடி உயரத்துக்குப் போகும். இளங்கன்றுகளைத்தான் பார்த்தாரோ என்னவோ!

இந்த 'லுபான் ஜாவி' ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போனதும் ஒரு வேடிக்கை நடந்தது. அவர்களுடைய பாஷைகள் சிலவற்றில் 'லோ' என்பது பெயருக்கு முன்னால் வரும் சிறு சொல். முதலெழுத்தை அந்தச் சொல்லென்று நினைத்துத் தள்ளிவிட்டார்கள். மிஞ்சியது 'பான் ஜாவி'. அது பெஞ்சோயின், பென்சாயின் என்று மருவிற்று. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். 1833-இல் மிட்சர்லிக் என்னும் ஜெர்மானிய இரசாயனி அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி ஒரு திரவத்தை எடுத்து, அதற்குப் பென்சின் என்று பெயரிட்டார். அதுவே இன்றைய பென்சீன். 1825-லேயே ஃபாரடே அதே திரவத்தை வேறு வழியில் கண்டிருந்தார்; ஆனால் பெயர் நிலைத்தது சாம்பிராணியிலிருந்துதான். இன்றைக்கு இந்தோனேசியாவில் காருக்கு ஊற்றும் பெட்ரோலுக்கு 'பென்சின்' என்று பெயர். சுமத்ரா மரத்திலிருந்து புறப்பட்ட பெயர் உலகைச் சுற்றி, பெட்ரோல் பங்காகச் சுமத்ராவுக்கே திரும்பி வந்திருக்கிறது. இதை என் மருமகன் சொன்னபோது நான் தராசை வைத்துவிட்டுச் சிரித்தேன்.

காயத்திலிருந்து வரும் சரக்கு

ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் இயற்கையாகவே ஓடுகிறது. சாம்பிராணி மரத்தில் அப்படியல்ல. காயம் படாத மரத்தின் பட்டையில் இந்தப் பிசினே கிடையாது. மரம் ஏழெட்டு வயதானதும் பட்டையில் வெட்டுகிறார்கள். வெட்டுப்பட்ட பிறகே, மரம் தன் புண்ணை மூடிக்கொள்ளவும் பூஞ்சணமும் புழுவும் உள்ளே நுழையாமல் தடுக்கவும் இதைச் சுரக்கிறது. சில மாதங்கள் அப்படியே விட்டால் வெளுத்த துளிகளாக இறுகிவிடும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் முதல் தரம். பிற்பாடு கசிவதும், பட்டையோடு சேர்த்துச் செதுக்கி எடுப்பதும் கீழ்த்தரம்.

மரம் தனக்காகச் செய்துகொண்ட மருந்து என்று இதைச் சொல்லலாம். அப்படியானால் அதில் மருந்தாக வேலை செய்யும் வஸ்து எது? இங்கேதான் சோதனைச்சாலை வருகிறது.

மூடியில் பூத்த ஊசிகள்

பதினாறாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய மருந்துக்காரர்கள் ஒரு காரியம் கண்டிருந்தார்கள். சாம்பிராணித் தூளைக் கரியில் போடாமல், சட்டியில் இட்டு மெல்லச் சூடாக்கி, மேலே குளிர்ந்த மூடியைக் கவிழ்த்தார்கள். தூள் உருகி, அதிலிருந்து வெண்ணிற ஆவி கிளம்பி, மூடியின் உட்புறத்தில் பளபளவென்று வெள்ளை ஊசிகளாகப் படிந்தது. அதற்குச் 'சாம்பிராணிப் பூ' என்றார்கள். அதுவே பென்சாயிக் அமிலம். அமிலம் என்றவுடன் கையைச் சுடும் திராவகம் என்று பயப்பட வேண்டாம். உப்புப்போல் வெள்ளையான தூள். 122 பாகையில் உருகும். குளிர்ந்த தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கொதிநீரில் நன்றாகக் கரையும்.

1775-இல் சுவீடன் நாட்டு மருந்துக்கடைக்காரர் ஷீலே (அவரும் கடைக்காரர் என்பதில் எனக்கொரு சந்தோஷம்) இன்னும் நல்ல வழியொன்றைக் கண்டார். சாம்பிராணியைச் சுண்ணாம்பு நீரில் காய்ச்சினார். அமிலம் சுண்ணாம்போடு கூடி நீரில் இறங்கியது. பிசின் மேலே நின்றது. வடிகட்டி எடுத்த நீரில் வேறொரு பலமான அமிலத்தைச் சொட்டியதும், வெள்ளைத் தூள் அடியில் படிந்தது. 1832-இல் லீபிக், வோலர் என்ற இரு நண்பர்கள் அந்தத் தூளில் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒவ்வொன்றும் எந்த விகிதம் என்று நிறுத்துக் கணக்கிட்டார்கள்.

இந்த மூடிச் சோதனையை நானும் மருமகனும் கடை அடைத்த பிறகு பின்கட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்து பார்த்தோம். தகர டப்பா மூடியில் ஒரு துண்டு, கீழே சிறு விளக்கு, மேலே குளிர்ந்த கண்ணாடி. சிறிது நேரத்தில் கண்ணாடியில் மெல்லிய வெண்படலம் படிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஊசி ஊசியாக இருந்தது. இருபது வருஷம் விற்ற சரக்கின் உள்ளே இருந்த ஒன்றை அன்றுதான் கண்ணால் கண்டேன். கூடவே இன்னொன்றும் கண்டேன். கண்ணாடியைத் தூக்கியபோது அந்த ஆவி மூக்கில் ஏறி இருவருக்கும் இருமலும் தும்மலும் பிடித்துக்கொண்டது. புத்தகத்தைப் புரட்டினால் அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: சூடான பென்சாயிக் ஆவி தொண்டையை உறுத்தி இருமல் உண்டாக்கும். 'சளிக்கு மருந்து' என்று நான் சொன்ன சொல் அந்த இருமலுக்கு நடுவில் எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு சாம்பிராணி, இரண்டு அமிலம்

இனி, முன்பு சொன்ன வித்தியாசத்துக்கு வருகிறேன். சயாம் வகையில் பாதிக்கும் மேல் இருப்பது கோனிஃபெரைல் பென்சோயேட் என்ற பொருள். அதோடு தனிப் பென்சாயிக் அமிலமும், மிகச் சொற்பமாக வனிலினும் உண்டு. வனிலின் என்பது ஐஸ்கிரீமில் வருகிற வெனிலா வாசனைதான். சயாம் சாம்பிராணியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் இனிப்பாக மணப்பதன் இரகசியம் அது. சுமத்ரா வகையிலோ பென்சாயிக் அமிலத்தோடு சின்னமிக் அமிலமும் அதன் கூட்டுப் பொருள்களும் மிகுந்திருக்கின்றன. சின்னமிக் என்றால் கறுவாப்பட்டையின் பெயரால் வந்தது. இந்த இரண்டையும் பழக்கமில்லாதவர் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். தூளாக்கிவிட்டால் இன்னும் கடினம். வியாபாரி எதையும் எதுவாகவும் விற்கலாம்.

ஆகவேதான் மருந்துச் சட்டநூல்களில், அதாவது பார்மகோபியாவில், எளிய சோதனைகளை எழுதி வைத்தார்கள். சுமத்ராத் தூளைப் பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைத்த நீரில் சுட வைத்தால் கசப்பு வாதுமையின் வாசனை எழும். ஊரில் கிணற்றில் போடுவார்களே, அந்த ஊதா நிறச் சரக்குதான் இது. சின்னமிக் அமிலம் உடைந்து பென்சால்டிஹைடாக மாறுவதால் அந்த வாசனை வருகிறது. இன்னொரு சோதனை: தூளைச் சாராயச் சத்தில் கரைத்து வடிகட்டி, ஃபெரிக் குளோரைடு சில சொட்டு விட்டால் சயாம் வகை பச்சையாக மாறும்; சுமத்ரா மாறாது. இத்தனைக்கும் தேவைப்படுவது ஒரு கண்ணாடிக் குழாயும் இரண்டு புட்டியும்தான்.

எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மருந்துக்குச் சேரும் சுமத்ராச் சாம்பிராணியில் இந்த அமிலங்கள் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு 25 பங்குக்குக் குறையக்கூடாது என்பது பிரிட்டிஷ் பார்மகோபியாவின் விதி. காரத்தோடு காய்ச்சி, அமிலங்களைப் பிரித்தெடுத்து, எத்தனை சொட்டுக் காரத்துக்கு ஈடாகிறது என்று அளந்து இதைக் கணக்கிடுகிறார்கள். நாம் படிக்கல் போட்டு நிறுப்பதுபோல் அவர்கள் சொட்டுப் போட்டு நிறுக்கிறார்கள்.

இப்போதுள்ள சோதனைச்சாலைகளில் இதைவிட நுட்பமான கருவிகள் உண்டு. அவற்றின் தத்துவம் மட்டும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் மை ஒற்றும் தாளின் ஓரத்தில் கறுப்பு மைப் பொட்டு வைத்து, நுனியைத் தண்ணீரில் நிறுத்திப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏற ஏற, கறுப்பு என்று நாம் நினைத்த மை நீலம், சிவப்பு, மஞ்சளாகப் பிரிந்து ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் நின்றுவிடும். சாம்பிராணிக் கரைசலையும் அப்படியே, மெல்லிய வெள்ளைப் பூச்சுள்ள தகட்டில் ஓடவிட்டுப் பிரிக்கிறார்கள். பென்சாயிக் ஒரு உயரத்தில், சின்னமிக் ஒரு உயரத்தில், வனிலின் ஒரு உயரத்தில் நிற்கும். பெரிய கருவிகளில் தாளுக்குப் பதில் நீண்ட நுண்குழாய். அதனுள் ஆவியாகவோ திரவமாகவோ ஓடவிட்டு, எது எத்தனையாவது நிமிஷத்தில் வெளியே வருகிறது, வருவது எவ்வளவு என்று வரைபடமாக எழுதிவிடுகிறது. கலப்படம் இருந்தால் அந்த வரைபடத்தில் கூடுதலாக ஒரு மேடு நிற்கும். மறைக்க இடமில்லை.

என் சரக்கைச் சோதித்தபோது

எனக்குத் தெரிய வேண்டியது, நான் அந்தச் சகோதரிக்குக் கொடுத்தது எது என்பது. மருமகன் எளிய வழியொன்று சொன்னான். சுத்தமான சாம்பிராணி சாராயச் சத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். பட்டைத் துண்டும் மண்ணும் மட்டுமே அடியில் நிற்கும். டாமார் அதில் முழுதும் கரையாமல் வெளுத்த பசையாகத் தங்கிவிடும். என் டப்பாவிலிருந்து ஒரு கட்டியை இடித்துப் புட்டியில் போட்டுக் குலுக்கி, மறுநாள் காலை பார்த்தேன். பாதிப் புட்டிக்குக் கலங்கலும் பசையுமாக நின்றது.

சரக்குப் போடும் மொத்த வியாபாரியிடம் போய்க் கேட்டேன். அவர் பெயர் வேண்டாம். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "கட்டிச் சாம்பிராணி என்றாலே டாமார் சேர்த்து உருக்கி அடிப்பதுதானே, உமக்குத் தெரியாதா? துளிச் சாம்பிராணி வேண்டுமென்றால் விலை வேறு" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. கீழ்த்தரத் தூளை டாமாரோடு சேர்த்துக் கட்டியாக்குவது இந்த வியாபாரத்தில் வெகுகால வழக்கம். வியாபாரிகளுக்குள் அது ஒளிவுமறைவும் அல்ல. தெரியாமலிருந்தது நானும் என்னிடம் வாங்கியவர்களும்தான். மதரஸாவில் அளவை நிறுவை ஒழுங்கு பற்றி எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். நிறையில் நான் ஒரு கிராமும் குறைத்ததில்லை. ஆனால் சாம்பிராணி என்று சொல்லிப் பாதி டாமாரை நிறுத்துக் கொடுத்திருக்கிறேனே, இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மருந்து எதில் இருக்கிறது?

'அப்படியானால் சாம்பிராணி மருந்தே இல்லையா?' என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் நாம் நினைத்த இடத்தில் இல்லை.

1875-இல் சால்கோவ்ஸ்கி என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி, பென்சாயிக் அமிலம் பூஞ்சணத்தை வளரவிடாது என்பதை எடுத்துக்காட்டினார். மரம் தன் புண்ணில் எதற்காகச் சுரந்ததோ அதே குணம்! அந்தக் குணத்தை வைத்து இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, படர்தாமரைக்குத் தடவும் விட்ஃபீல்டு களிம்பு. அதில் பென்சாயிக் அமிலம் நூற்றுக்கு 6 பங்கு, சாலிசிலிக் அமிலம் 3 பங்கு. இன்னொன்று, என் கடை அலமாரியிலேயே இருக்கிறது. மிளகாய்ச் சாஸ், குளிர்பானம் இவற்றின் சீட்டுகளில் பொடி எழுத்தில் 211 என்ற எண் பல இடங்களில் காணப்படும். அது சோடியம் பென்சோயேட், பென்சாயிக் அமிலத்தின் உப்பு. புளிப்புள்ள பண்டங்கள் கெடாமல் அது காக்கிறது. இப்போது அதை மரத்திலிருந்து எடுப்பதில்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டொலுவீனிலிருந்து தொழிற்சாலையில் செய்கிறார்கள். ஆனாலும் வஸ்து ஒன்றே.

மூன்றாவதாக, ஃபிரையர்ஸ் பால்சம் என்று ஒரு பழைய மருந்து. சாம்பிராணியையும் இன்னும் சில பிசின்களையும் கரியபோளத்தையும் சாராயச் சத்தில் ஊறவைத்தது. கொதிநீரில் சில சொட்டு விட்டுப் பெரியவர்கள் ஆவி பிடிப்பார்கள். சிறு பிள்ளைகளிடம் இது ஆகாது. கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து உண்டு. சிலருக்குத் தோலில் பட்டால் ஒவ்வாமையும் வரும்.

இவற்றில் எதிலும் சாம்பிராணியை எரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். களிம்பில் தடவுகிறோம், சாஸில் கரைக்கிறோம், வெந்நீரில் விடுகிறோம். நாமோ கனன்று கொண்டிருக்கும் கரியில் போடுகிறோம். பென்சாயிக் அமிலம் 122 பாகையில் உருகுவது. சிவந்த கரியின் சூடோ அதைப்போல் பல மடங்கு. கொஞ்சம் ஆவியாகித் தப்பும். மற்றதெல்லாம் அரைகுறையாக வெந்து வேறு பொருளாகிவிடும். வாசனைப் புகைகளைச் சோதித்தவர்கள் நுண்ணிய கரித்துகள்களையும், கரிப்புகை வாயுவையும், ஃபார்மால்டிஹைடையும், ஏன், பென்சீனையும் கண்டிருக்கிறார்கள். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் வஸ்து என்று உலகமெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டது. சாம்பிராணியின் பெயரைச் சுமந்துகொண்டு போன அதே பென்சீன், புகையில் திரும்பி வருகிறது.

நம் ஊரிலேயே இதுபற்றிப் பெரியதோர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1993 முதல் 1998 வரை சிங்கப்பூர்ச் சீனர்களில் 45 வயதுக்கும் 74 வயதுக்கும் இடைப்பட்டவர்களைச் சேர்த்து, அவர்களில் 61,320 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் நெடுங்காலம் ஊதுபத்தி கொளுத்தியவர்களுக்கு மூக்கு, வாய், தொண்டைப் பகுதியில் வரும் சிலவகைப் புற்றுநோய்கள் அதிகம் கண்டதாக 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோயை மொத்தமாகப் பார்த்தபோது அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. அதில் ஒரு வகையில் மட்டுமே தெரிந்தது. அவர்கள் கொளுத்தியது ஊதுபத்தி. நாம் போடுவது கரிச் சாம்பிராணி. இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. வருஷக்கணக்கில் தினமும் கொளுத்தியவர்களின் கணக்கு அது. மௌலிது மஜ்லிஸில் ஒரு மணி நேரம் தூபக்கால் சுற்றி வருவதை அதோடு சமமாக நிறுக்கவும் கூடாது. ஆனால் ஊரிலே நடுமுற்றமும் ஓட்டு இடுக்கும் உள்ள வீட்டில் நம் உம்மாமார் போட்ட புகை வேறு. இங்கே மழைக்குச் சாத்திய ஜன்னலுக்குள், மூன்று அறை வீட்டில், நாற்பது நாள் நுரையீரலுக்குப் போடும் புகை வேறு. ஊரிலிருந்து தொலைபேசியில் சொல்லும் உம்மாவுக்கு இந்த வீட்டின் ஜன்னல் தெரியாது.

பிள்ளையின் தலையைத் துவட்டுவதற்குத் துவாலை இருக்கிறது. புகையால் தலை காய வேண்டியதில்லை.

இப்போது என் கடையில்

கட்டிச் சாம்பிராணி டப்பாவின் மேல் 'டாமார் கலந்தது' என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் துளிச் சாம்பிராணி சிறிதளவு வைத்திருக்கிறேன், விலை கூடுதல்தான். சீட்டைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனதும் உண்மை. மின்சாரத் தட்டில் மெல்லச் சூடாக்கினால் கரியில் போடுவதைவிடப் புகை குறையும், வாசனையும் நன்றாக வரும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஆவி ஆவிதான், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 'சளிக்கு மருந்து' என்ற வார்த்தையை மட்டும் கல்லாவிலிருந்து எடுத்துவிட்டேன். கைப்பிள்ளை உள்ள வீடு என்று தெரிந்தால், "மஜ்லிஸுக்கா, பிள்ளைக்கா?" என்று கேட்ட பிறகே டப்பாவைத் திறக்கிறேன்.

வெகுகால வாடிக்கைக்காரரான மலாய் மாதர் ஒருவர், சீட்டைப் படித்துவிட்டு, "இத்தனை வருஷம் டாமாரையா கொடுத்தாய்?" என்று கேட்டார். ஆமென்றேன். சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு துளிச் சாம்பிராணியில் ஐம்பது கிராம் போடச் சொன்னார். அதை முகர்ந்து பார்த்து, தன் பாட்டி வீட்டு வாசனை என்றார். பழைய விலைக்கே தரவேண்டும் என்றும் சொன்னார். கொடுத்தேன்.

மேல்மாடிச் சகோதரரின் பொட்டலம் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவர் போன வாரம் அரிசி வாங்க வந்தபோது அதை எடுத்து வைத்து, அவர் கேட்ட கேள்விக்கு ஒன்றுவிடாமல் பதில் சொன்னேன். பிள்ளை இப்போது தவழ்கிறதாம்.